தராசு லாத்தா

எங்கள் கீழ் மாடி லாத்தாவிடம் "இது நல்லா இருக்கா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. அப்படியே கேட்பதாக இருந்தால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பது உத்தமம். "எதோட பக்கத்துல வச்சுக் கேக்குறே?" என்பார் முதலில். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருவார். லாத்தா உட்கார்ந்துவிட்டால், பேச்சு முடிவதற்குள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் பார்த்து ஒன்றைச் சொல்ல அவருக்கு வராது. தக்காளி வாங்கினால் இந்தக் கடையில் பாதி, எதிர்க் கடையில் பாதி. காய்ச்சல் வந்தால் டாக்டர் இரண்டு பேர். இருவரும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டால் லாத்தாவின் முகம் வாடிப் போகும். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தால் அவருக்கு அன்றைக்குத்தான் பெருநாள். இரண்டு வீட்டிலும் அரை வயிறு அரை வயிறாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, படியேறும்போதே ஆரம்பிப்பார்: "அங்கே கறி பஞ்சு மாதிரி, சோறு குழைஞ்சு போச்சு. இங்கே சோறு முத்து முத்தா இருக்கு, கறி கடிபடல. அதுவும் ஒரு மாதிரி நல்லது, இதுவும் ஒரு மாதிரி நல்லது."

"சரி, எதுதான் தேவலை லாத்தா?"

"அதைத்தானே புள்ள இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டு இருக்கேன்!" என்று நம் மேலேயே பாய்வார்.

லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. தெருவில் அவருக்குத் தராசு லாத்தா என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது, நானில்லை. அவர் காதுக்கும் அது எட்டியிருந்தது. கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "எந்தத் தராசு? தங்கக் கடைத் தராசா, மீன் கடைத் தராசா?" என்று மட்டும் கேட்டாராம்.

இப்போது அவர் இங்கே இல்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகளிடமே போய்விட்டார். எங்கள் ரங்கூனுக்கு இப்போது யாங்கோன் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. லாத்தா மட்டும் கிளம்புகிற வரை ரங்கூன் என்றுதான் சொன்னார். இங்கே பிறந்தவர்தான். எங்களைப் போலவே அவர் முன்னோர்களும் கீழக்கரைப் பக்கமிருந்து கடை வைக்க வந்தவர்கள். கல்யாணமான புதிதில் புருஷனோடும் கைக்குழந்தையோடும் மலேசியாவுக்குப் பிழைக்கப் போனார். புருஷன் அங்கேயே மௌத்தாகிப் போனார். லாத்தா ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் வேலை செய்து மகளை ஆளாக்கி, அங்கேயே கல்யாணமும் முடித்துக் கொடுத்துவிட்டு, முழங்கால் தேய்ந்த பிறகு ரங்கூனுக்குத் திரும்பி எங்கள் கீழ் மாடியில் வாடகைக்கு வந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாடியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர்காரரும் ரொட்டிக்காரரும் கயிற்றை இழுத்தால் எங்கள் வீட்டில் மணி அடிக்கும். லாத்தா தன் பால்கனியில் நின்றபடியே நடுவில் கையை நீட்டி எங்கள் கயிற்றை இழுப்பார். எட்டிப் பார்த்தால், கிளிப்பில் இரண்டு பொட்டலம் தொங்கும். இரண்டிலும் மாங்காய் ஊறுகாய். "ரெண்டையும் தின்னு பாத்துட்டுச் சொல்லு!" என்று கீழேயிருந்து சத்தம் வரும்.

இதெல்லாம் சின்னச் சரக்கு. லாத்தாவின் பெரிய சரக்கு பள்ளிக்கூடம்.

அவர் வேலை பார்த்த கேன்டீன் முதலாளிக்கு அங்கே இரண்டு பள்ளிக்கூடங்களில் குத்தகை. ஒன்று மார்க்கப் பள்ளி. மலாய்க்காரர்கள் அதை அகாமா பள்ளி என்பார்கள், லாத்தாவுக்கு வெறும் 'அகாமா'. இன்னொன்று பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற தனியார் பள்ளி, அது 'பிரைவேட்'. காலையில் பிரைவேட்டில் சமையல், மதியம் சாமான்களோடு வேனில் ஏறி அகாமாவுக்கு. இப்படிப் பல வருஷம். ஆக, ஒரே கரண்டியால் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் பரிமாறிய பெண்மணி ரங்கூனிலேயே அவர் ஒருவர்தான். அந்த உரிமையை அவர் ஒரு நாளும் விட்டுக் கொடுத்ததில்லை.

"அகாமாவுல பிள்ளைங்க பிஸ்மி சொல்லிட்டுத்தான் கையை வைக்கும். தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது. தின்ன தட்டை அதுகளே கழுவி வைக்கும். ஆனா துஆ ஓதுறப்ப பக்கத்துப் பிள்ளை தொடையில கிள்ளும் பாரு, அடிப்பாவி, நான் ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். பிரைவேட்ல கோழித் துண்டு அப்படியே கெடக்கும், கொட்டுறதைப் பாத்தா வயிறு எரியும். ஆனா 'தேங்க்யூ ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டுப் போகும் பாரு, அந்த அழகுக்கு இன்னொரு துண்டு வைக்கலாம்னு தோணும்."

"படிப்பு எதுல லாத்தா நல்லா இருக்கும்?"

"அகாமாவுல கத்திக் கத்திப் படிப்பாங்க. காதுல விழுந்தே எனக்கு யாசீன் பாதி மனப்பாடம். பிரைவேட்ல வாயை மூடிக்கிட்டுப் படிப்பாங்க. ஊசி விழுந்தா கேக்கும். என்ன படிக்கிறாங்கன்னுதான் தெரியாது. அகாமாவுல கணக்கும் உண்டு, பிரைவேட்ல ஓதுறதும் உண்டு, அது அந்த நாட்டுச் சட்டம். அங்கே அதிகம் அது, இங்கே அதிகம் இது."

"அப்ப, பிள்ளையை எதுல சேக்கலாம்?"

"அதுவும் ஒரு மாதிரி நல்லது..." என்று லாத்தா ஆரம்பிப்பார். கேட்டவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள்.

ஆனாலும் தெருப் பெண்கள் அவரிடம்தான் மறுபடி மறுபடி போனார்கள். நானும் போனேன். ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் எல்லோருக்கும் இதே தலைவலி. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்கும் மனசு வராத நேரம் அது. அந்தக் கதை இங்கே வேண்டாம். மழைக்கு முளைத்த காளான் போல மூலைக்கு மூலை பிரைவேட் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், பள்ளிவாசல் மாடியில் வழக்கமான மதரசா. என் மகள் சுமையாவுக்கு ஏழு வயது. வீட்டில்தான் சுமையா. இந்த ஊர் வழக்கப்படி வெளியே போக ஒரு பர்மாப் பெயரும் வைத்திருந்தோம், தின்சா என்று. என் வீட்டுக்காரருக்கு அவள் ஓத வேண்டும். எனக்கு அவள் இங்கிலீஷ் பேச வேண்டும், ஓதவும் வேண்டும், என் பக்கத்தில் படுத்துத் தூங்கவும் வேண்டும். ஒரே பிள்ளை.

"நீங்களே வந்து ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க லாத்தா" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனேன். வினையை விலைக்கு வாங்கினேன்.

பிரைவேட் பள்ளிக்கூடத்தின் சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி. வாசலில் இருந்த பெண் எங்களிடம் இங்கிலீஷில் ஒரு வணக்கம் சொல்லி, வகுப்பறைகளைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னாள். லாத்தா பர்மா பாஷையில், "வகுப்பு கிடக்கட்டும், சாப்பிடுற இடம் எங்கே?" என்றார். அங்கே போய் ஒவ்வொரு பிள்ளையின் தட்டாக எட்டிப் பார்த்தார். ஒரு பையன் கேரட்டைப் பொறுக்கி ஓரமாக வைத்திருந்தான். "இதை ஏன் தின்னல?" என்று அவனிடம் ஒரு விசாரணை. அவன் பயந்துபோய் எல்லாக் கேரட்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு அழுதான். நாங்கள் அவசரமாக வெளியே வந்தோம்.

மதரசாவில் ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் எங்களை மரியாதையாக வரவேற்றார். நடுத்தர வயது, சன்னமான குரல். கையில் ஒரு பிரம்பு இருக்கும், அதால் பாயைத் தவிர வேறெதையும் அடித்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஆடி ஆடி, தொண்டை கிழிய ஓதிக்கொண்டிருந்தார்கள். லாத்தா காது கொடுத்துக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு, "பிள்ளைங்க தண்ணி எங்கே குடிக்கும்?" என்று கேட்டு, ஹஜ்ரத் காட்டிய மண்பானையிலிருந்து ஒரு குவளை மோந்து குடித்து, "நல்ல குளிர்ச்சி" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது சைக்கிள் ரிக்‌ஷாவில், முதுகுக்கு முதுகு உட்கார்ந்துகொண்டு, "இப்பவாச்சும் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"அங்கே செருப்பை வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க. இங்கே குவிச்சுப் போட்டிருக்கு. ஆனா இங்கே ஒண்ணும் காணாமப் போகல. அங்கே ஒரு சயாமா உக்காந்து ஒத்தைச் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தா, பாத்தியா?"

சயாமா என்றால் டீச்சரம்மா. நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும்தான்.

இரண்டும் நல்லது என்றால் இரண்டிலும் சேர்த்துவிடுவோம் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். காலையில் பிரைவேட், அசருக்குப் பிறகு மதரசா. மதரசாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு, பிரைவேட்டுக்குச் சனி ஞாயிறு லீவு. என் மகளுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாளும் லீவு கிடையாது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் கன்னத்தில் தனக்காச் சந்தனம் பூசிக்கொண்டு தின்சாவாகப் போவாள், மாலையில் அதைக் கழுவிவிட்டு முக்காடு போட்டுக்கொண்டு சுமையாவாகப் போவாள். எப்போதாவது இடம் மாறிப் போகும். ஹஜ்ரத்தைப் பார்த்ததும் பர்மாப் பிள்ளைகள் போலக் கையைக் கட்டிக்கொண்டு, "மிங்கலாபா ஹஜ்ரத்!" என்று ராகம் போட்டிருக்கிறாள். பிரைவேட்டில் சயாமாவுக்கு ஸலாம் சொல்லி, கையை எடுத்து முத்தமிட்டிருக்கிறாள். அந்த சயாமாவுக்கு அது பிடித்துப் போய், மறுநாளிலிருந்து அவரே கையை நீட்ட ஆரம்பித்துவிட்டாராம்.

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடோ வந்து சேர்ந்தது.

கடோ என்பது இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. சயாமாக்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு, கை கூப்பி, நெற்றி தரையில் படக் குனிந்து வணங்குவார்கள். பிறகு சயாமாக்கள் வாழ்த்துச் சொல்வார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் நெற்றி அல்லாஹ்வுக்கு மட்டும்தானே தரையில் படும். அதனால் கடோ நாளன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தவறாமல் காய்ச்சல் வந்துவிடும். சயாமாக்களுக்கும் இந்தக் காய்ச்சல் நன்றாகத் தெரியும். மறுநாள் "உடம்பு தேவலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு விட்டுவிடுவார்கள். எனக்குத்தான் இது புதுசு. லாத்தாவிடம் யோசனை கேட்டேன்.

"அன்னைக்கு அனுப்பாதே. காய்ச்சல்னு சொல்லிரு. அவங்களுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை" என்றார். ஒரு தடவையாவது பளிச்சென்று பதில் சொன்னார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நாங்கள் இருவரும் மறந்தது ஒன்றுதான். பள்ளிக்கூடம் என்றால் ஒத்திகை இருக்கும். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளை மண்டியிட வைத்து, எப்படிக் கை கூப்ப வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் வரிசையின் முன்னால் நின்று மற்றவர்களுக்குச் செய்து காட்டுகிற அளவுக்குத் தேறியிருக்கிறாள். கடோ நாளன்று காலையில் அவளை வீட்டில் நிறுத்தி வைத்தபோது, கண்ணாடி முன்னால் நின்று ஒரு பாட்டம் அழுதாள். சட்டை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை அவள் மதரசாவில் அரிச்சுவடி முடித்துக் குர்ஆன் தொடங்குகிற நாள். நான் அந்தப் பரபரப்பில் இருந்தேன்.

மதரசாவில் பாய் விரித்து, ஊதுபத்தி ஏற்றி, ஜமாஅத்துப் பெரியவர்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாங்கள் பெண்கள். சுமையா முதல் சூராவை ஒரு பிசகும் இல்லாமல் ஓதினாள். என் வீட்டுக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. வழக்கப்படி, பிள்ளை இனிப்புத் தட்டை ஹஜ்ரத்திடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். சுமையா தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். இரண்டடி பின்னால் வந்தாள். பாவாடையை ஒழுங்கு செய்துகொண்டு மண்டியிட்டாள். கை கூப்பினாள். குனிந்தாள். நெற்றி பாயில் பட்டது.

"தவ்பா! தவ்பா!" என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். ஹஜ்ரத் இரண்டு காலையும் சட்டென்று இழுத்து மடக்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் காது சிவந்தது. அவருக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான். சுமையா நிமிர்ந்து, கையைக் கூப்பியபடியே காத்திருந்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து, "ஹஜ்ரத், இப்ப நீங்க வாழ்த்தணும்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

என் பக்கத்திலிருந்த லாத்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் அது தெருமுனை வரைதான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "போதும். இனி பிரைவேட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. த்வாண்டேயில பொம்பளப் பிள்ளைங்களுக்கு விடுதி மதரசா இருக்கு. அங்கே கொண்டுபோய் விட்டுர்றேன்."

"ஏழு வயசுப் பிள்ளையையா மச்சான்? ஆத்துக்கு அந்தப் பக்கமா?"

"இன்னைக்கு ஹஜ்ரத்துக்குச் செஞ்சது, நாளைக்கு எதுக்குச் செய்யும்?"

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. சுமையா என் பக்கத்தில் படுத்து, காலை என் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அந்தக் காலை எடுத்துக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, என் வீட்டுக்காரர் ஹஜ்ரத்தைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். த்வாண்டே மதரசாவில் அவருக்கு ஆள் பழக்கம் உண்டு, அவர் ஒரு வார்த்தை சொன்னால் இடம் கிடைத்துவிடும். தேநீரில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று, "லாத்தா, கொஞ்சம் மேலே வாங்க!" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட குரலே சரியில்லை.

லாத்தா ஒவ்வொரு படியாக, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். ஹஜ்ரத்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலோரமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடோவன்னைக்குப் பிள்ளையை வீட்ல வைக்கச் சொன்னது யாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான்தான் தம்பி."

"ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் சேக்கச் சொன்னது?"

"அது நான் சொல்லல. ரெண்டும் நல்லதுன்னுதான் சொன்னேன். மலேசியாவுல பாத்தீங்கன்னா தம்பி, அகாமாவுல பிள்ளைங்க உஸ்தாது கையைப் புடிச்சு, குனிஞ்சு நெத்தியில ஒத்திக்கும். பிரைவேட்ல..."

"லாத்தா!" என் வீட்டுக்காரர் குரலை உயர்த்திவிட்டார். "அது அவங்க நாடு. தெருவுக்குத் தெரு பள்ளிவாசல். அங்கே பிள்ளை எதுல படிச்சாலும் மார்க்கம் மாறாது. நீங்க உங்க மகளை அங்கேயே நல்லாப் படிக்க வச்சு, கட்டியும் கொடுத்துட்டு வந்துட்டீங்க. அங்கே அப்படி, இங்கே இப்படின்னு பேசுவீங்க. ஊர் சிரிச்சது என் பிள்ளையைப் பாத்து!"

அவர் சொன்னது ஒன்றும் புதிதில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இத்தனை பள்ளிக்கூடக் கதை பேசுகிறவர் தன் மகளை இரண்டில் எதிலோ ஒன்றில் படிக்க வைத்திருப்பார் என்று. எதில் என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அவரைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டாரே என்ற பயம்தான்.

"என் மவளா?" என்றார் லாத்தா. "அது படிக்கல தம்பி."

"எதுல படிக்கல?"

"எதுலயும் படிக்கல. நாங்க அடையாளக் கார்டு இல்லாம போனவங்க. கார்டு இல்லாத பிள்ளையை அந்த ஊர்ல ஸ்கூல்ல எடுக்க முடியாது. அகாமாவுலயும் எடுக்க முடியாது, பிரைவேட்லயும் எடுக்க முடியாது. ரெண்டு ஸ்கூல்லயும் பெரிய டீச்சருங்க நல்லவங்கதான். எனக்காகப் போய்க் கேட்டும் பாத்தாங்க. நடக்கல."

"அப்ப பிள்ளை எங்கே இருந்துச்சு?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

"என்கூடத்தான். காலையில பிரைவேட் அடுப்பங்கரையில, மதியம் அகாமா அடுப்பங்கரையில. பயத்தங்காய் நறுக்கும். பூண்டு உரிக்கும். மணி அடிச்சுப் பிள்ளைங்க சாப்பிட வர்றப்ப மேசைக்கு அடியில போய் உக்காந்துக்கும். அது வயசுப் பிள்ளைங்க யூனிபாரம் போட்டு வரும்ல, வெக்கம். நான் சட்டி கழுவிக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பேன். கார்டு கிடைச்சா எதுல சேக்கலாம், எதுல சேக்கலாம்னு. இதைப் பாப்பேன், அதைப் பாப்பேன். மவளுக்குப் பதினாறு வயசாகுற வரைக்கும் பாத்தேன். இப்ப ஒரு சாப்பாட்டுக் கடையில இருக்கு. யாரு என்ன கேட்டாங்கன்னு எழுதத் தெரியாது. எல்லாத்தையும் மனசுலயே வச்சுக்கிட்டுப் போய்ச் சொல்லும். ஒண்ணும் மறக்காது, கெட்டிக்காரி."

இதையெல்லாம் அவர் அழுது சொல்லவில்லை. தக்காளி விலை சொல்கிற குரலில்தான் சொன்னார். நான்தான் சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். எத்தனை நாள் இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்!

பிறகு லாத்தா என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "த்வாண்டேக்கு அனுப்பாதீங்க தம்பி. ரெண்டு இடத்துலயும் உங்க பிள்ளைக்கு உக்கார இடம் இருக்கு. இருக்கட்டும்."

அவ்வளவுதான். அதுவும் ஒரு மாதிரி, இதுவும் ஒரு மாதிரி என்று ஒன்றும் சேர்க்கவில்லை.

ஹஜ்ரத் தேநீரைக் கீழே வைத்தார். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க" என்று என் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார். "நான் இன்சீன்ல, அரசாங்கப் பள்ளிக்கூடத்துலதான் நாலாவது வரைக்கும் படிச்சேன். எங்க உம்மாவும் கடோ அன்னைக்குக் காய்ச்சல்னுதான் சொல்லுவாங்க. ஒரு வருஷம் உம்மாவுக்கு மறந்து போச்சு. நானும் விழுந்து கும்பிட்டுட்டேன். எங்க சயாமா வாழ்த்துனாங்க. என்னன்னு வாழ்த்துனாங்க தெரியுமா? நீ பெரிய சயாவா, வாத்தியாரா வரணும்னு." அவரே சிரித்துவிட்டார். "பிள்ளைக்கு எது அல்லாஹ்வுக்கு, எது மனுஷனுக்குன்னு நான் சொல்லிக் கொடுத்துக்கிறேன். அது என் வேலை. நாளைக்கு அசருக்கு அப்புறம் வழக்கம் போல அனுப்பி வைங்க. த்வாண்டேக்கு நான் பேச மாட்டேன்."

என் வீட்டுக்காரரின் காது மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. அவர் மோசமானவரில்லை, கோபக்காரர், அவ்வளவுதான். "சரி, இப்ப படிக்கிற மாதிரியே ரெண்டுலயும் படிக்கட்டும்" என்று என் பக்கம் பார்க்காமலே முணுமுணுத்தார். எனக்கு உயிர் வந்தது. சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து, எல்லோர் கோப்பையிலும் கேட்காமலே ஒரு கரண்டி போட்டேன். ஹஜ்ரத் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார். ஏற்கெனவே போட்டிருக்கிறேன் போல.

லாத்தாவிடம் கத்தியது என் வீட்டுக்காரருக்கு உறுத்தியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "லாத்தா, கார்டு மட்டும் கிடைச்சிருந்தா, மகளை எதுல சேத்திருப்பீங்க?"

நான் மனசுக்குள் நெற்றியில் அடித்துக்கொண்டேன். இனி அசர் வரை யாரும் எழுந்திருக்க முடியாது.

"அகாமாவுல" என்றார் லாத்தா. யோசிக்கவே இல்லை. "மூணாவது ரூம். ஜன்னலுக்கு அடுத்த வரிசை, ரெண்டாவது பெஞ்சு. ஜன்னலை ஒட்டி வேணாம், சாரல் அடிக்கும், புஸ்தகம் நனைஞ்சு போகும். அந்தப் பெஞ்சுல ஒரு குண்டுப் பிள்ளை உக்காந்திருக்கும், நல்ல பிள்ளை, பென்சில் கேட்டா கொடுக்கும். வியாழக்கிழமை மட்டும் பிரைவேட்டுக்கு அனுப்புவேன். அன்னைக்குத்தான் அங்கே படம் வரையச் சொல்லிக் கொடுப்பாங்க."